டோர்காஸின் பிற்பகல்

டோர்காஸ் பென்ஹேலின் வீட்டுப் பின்தோட்டத்தில், ஒன்பதடி வட்டத்துக்குள் மட்டும், அவள் இறந்த நாளின் பிற்பகல் பதினோரு வருடமாக முடியாமல் நடந்துகொண்டிருந்தது. வெளியே இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்கு வழக்கமான மழை. உள்ளே ஜூன் மாத வெயில், தேனீக்கள், அவளுடைய மூங்கில் நாற்காலி, பாதி கடித்த குங்குமப்பூ பன் ஒன்று. அந்தப் பன்னை யாராவது தின்றுவிட்டுத் திரும்பினால் மறுபடி பாதியாகத் தட்டில் கிடக்கும். ட்ரெவெல்லிக் ஊராருக்கு ஆச்சரியமெல்லாம் முதல் குளிர்காலத்தோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு துணி காயப்போட வர ஆரம்பித்துவிட்டார்கள்.

டோர்காஸ் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவள். மீதி நேரத்தில், இயற்கையை வணங்கும் விக்கா மார்க்கத்துக் குழு ஒன்றின் தலைமைப் பூசாரி. இரண்டுக்கும் அவள் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. யாருக்கும் கெடுதல் இல்லையென்றால் உன் இஷ்டப்படி செய் என்பது அந்த மார்க்கத்தின் பெரிய கட்டளை. டோர்காஸ் அதைப் பௌர்ணமிப் பூசையிலும் சொல்வாள், ரவுண்டானாவில் நுழையும்போதும் சொல்வாள். லவ்டே ரோஸ்வார்ன் அவளிடம் வந்தது கார் கற்கத்தான். இரண்டாவது கணவன் காரை மட்டும் விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தான். ஸ்டியரிங்கைத் தொட்டாலே லவ்டேவுக்கு அழுகை வந்தது. டோர்காஸ் காரை வேலியோரமாக நிறுத்தச் சொல்லி, பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, "அழணும்னா நல்லா அழு, கண்ணு. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு அழு" என்றாள். லவ்டே கேட்ட முதல் உபதேசம் அதுதான், அதைவிடப் பெரிதாக வேறொன்றைப் பிறகும் கேட்டதில்லை என்பாள். பலமுறை தோற்று ஒருவழியாக அவள் உரிமம் வாங்குவதற்குள் டோர்காஸின் பூசைக் குழுவிலும் சேர்ந்திருந்தாள். மூன்றாவது கல்யாணத்திலும், அந்தக் கணவனை அடக்கம் செய்தபோதும், பக்கத்தில் நின்றது டோர்காஸ்தான்.

காலப்போக்கில் லவ்டே குழுவில் இரண்டாம் இடத்துக்கு வந்தாள். அந்தப் பதவிக்குக் கன்னி என்று பெயர். ஐம்பத்தெட்டு வயதுக் கன்னியை அதே குழுவிலிருந்த கசாப்புக் கடை ஹெட்லி சும்மா விடுவானா? "மூணு புருஷனைப் பாத்த கன்னியை எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று பூசைக்குப் பூசை ஆரம்பிப்பான். "அது பதவிடா, வரலாறு இல்ல" என்று டோர்காஸ் அவன் வாயை அடைப்பாள்.

அவள் இறந்த அந்த நடுக்கோடைத் திருநாளின் பிற்பகலில் டோர்காஸ் கறுப்புப் பிடி போட்ட கத்தியை ஏந்தி, சூரியன் போகும் திசையில் நடந்து வட்டம் போட்டாள். நான்கு திசைகளையும் அழைத்தாள். போட்ட வட்டத்திலிருந்து நினைத்தபடி எழுந்து போகக் கூடாது. கத்தியால் காற்றில் வாசல் வெட்டி வெளியே வந்து, உடனே அதை மூட வேண்டும். பூசை முடிந்ததும் எதிர்த்திசையில் நடந்து வட்டத்தைக் கலைக்க வேண்டும். அன்று பூசை முடியவில்லை. பன்னைக் கடித்துக்கொண்டே, பாதிரியார் பாஸ்கோ சைக்கிள் ஓட்டும் அழகைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தவள், சிரித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தபோது லவ்டே அவர்களை நிறுத்தி, முறைப்படி வாசல் வெட்டி உள்ளே விட்டாள். தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்ததும், அந்தப் பதற்றத்திலும், கைப்பழக்கத்தில் வாசலை முறைப்படி மூடிவிட்டு ஆம்புலன்ஸின் பின்னால் ஓடினாள். வட்டத்தைக் கலைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உடம்பு வெளியே போய்விட்டது. டோர்காஸும் அவளுடைய பிற்பகலும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

டோர்காஸ் வீட்டை லவ்டேவுக்கு எழுதிவைத்திருந்தாள். லவ்டே குடிவந்து, துணிக்கூடையோடு வருகிறவர்களுக்கெல்லாம் கத்தியால் வாசல் வெட்டிவிடும் வேலையை ஏற்றுக்கொண்டாள். டோர்காஸ் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் புதினா மிட்டாய் வாசனை வரும், நாற்காலி கிறீச்சிடும். மூட்டுவலிக்கு வெயில் காய வந்த பாதிரியார் பாஸ்கோ அந்த நாற்காலியோடு உயிர்த்தெழுதலைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினார். அது சரியான இடங்களில் கிறீச்சிட்டது என்று ஒப்புக்கொண்டார், பிஷப்பிடம் மட்டும் சொல்லவில்லை. லவ்டே தினமும் காலையில் தேநீரோடு உள்ளே போய் ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிட்டு வருவாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பதினோராவது குளிர்காலத்தில் கொட்டாவி தொடங்கியது. முதலில் பாதிரியார் விட்டார், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிறகு வட்டத்துக்குள் கால் வைத்த எல்லோருக்கும் வந்தது. தேனீக்கள் பூவிலேயே அசந்து கிடந்தன. ஹெட்லி ஒருநாள் உள்ளே போய் நின்றபடியே குறட்டை விட்டான். விழித்ததும் நேராக லவ்டேவிடம் வந்தான்.

"இந்தக் கொட்டாவி நம்மளது இல்ல, லவ்டே."

"தெரியும்."

"பதினோரு வருஷமா அவளை மத்தியானத்துலயே உக்கார வெச்சிருக்க. மனுஷிக்கு ராத்திரி வேண்டாமா?"

"அவளும் போயிட்டா நான் யார்கிட்டடா பேசுவேன்?"

"என்கிட்ட பேசு. கறி வெட்டிக்கிட்டே கேட்டுக்கறேன்."

"நீ நடுவுல உன் முதுகுவலியை ஆரம்பிப்ப."

"அதை நீ கேட்டுக்க. என்ன குறைஞ்சு போச்சு?"

இறந்தவர்கள் கோடை நாட்டுக்குப் போய் இளைப்பாறி, மறுபடி தங்களுக்குப் பிரியமானவர்கள் நடுவில் பிறப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அது லவ்டேவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தள்ளிப்போட்டாள். ஈஸ்டர் போகட்டும் என்றாள். கூரை ஒழுகுகிறது, அதைப் பார்த்துவிட்டு என்றாள். பக்கத்து வீட்டுக் கம்பளி காயவில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் நடுக்கோடைத் திருநாள் வந்துவிட்டது.

அன்றும் மழை. குழுவினர் குடையோடு தோட்டத்தில் நின்றார்கள். பாதிரியார் பாஸ்கோ மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்று, தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. லவ்டே வாசல் வெட்டி உள்ளே போய், நாற்காலியின் கைப்பிடிமேல் கை வைத்தாள்.

"எனக்கு மனசே இல்ல டோர்காஸ்" என்றாள். "இருந்தாலும் நீ போய்த் தூங்கு. இங்க நான் பாத்துக்கறேன். பாத்துக்க முடியலன்னா ஹெட்லி இருக்கான், ஏதோ ஒப்பேத்திக்கறேன்."

பிறகு எதிர்த்திசையில் நடந்தாள். ஒவ்வொரு திசைக்கும் நன்றி சொன்னாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நடை முடிந்த இடத்தில் நின்றதும் பதினோரு வருடம் காய்ந்த புல்லின்மேல் மழை விழுந்தது. தட்டில் பன் இல்லை. வட்டம் முழுவதும் பரவியிருந்த வெயில் ஒடுங்கி, ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கி, லவ்டேவின் எதிரில் வந்து சற்று நேரம் நின்றது. அவள் கன்னத்தில் சூடு பட்டது. அப்புறம் அந்த வெயில் நனையாமல் வாசற்படலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

கடைத்தெருவில் குடை பிடித்து வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே போய், முதுகு காய்ந்ததும் திரும்பிவிட்டது. வெயில் துறைமுகப் படிகளில் இறங்கித் தண்ணீர்மேல் மேற்கே நடந்துபோனதை லவ்டே தோட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "சளி பிடிக்கும், உள்ள வா" என்றான் ஹெட்லி. "பிடிக்கட்டும்" என்றாள். அவன் தன் குடையையும் மடக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான். அன்று சாயங்காலம் மீன்பிடிக்கப் போனவர்கள் அத்தனை மழையிலும் வெயில் பட்டு மூக்கு சிவந்து வீடு திரும்பினார்கள். ஏன் என்று ஒருவர் வீட்டிலும் கேட்கவில்லை.