பிறவினை

துளசி அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் முதல் தகவல் அறிக்கையின் நகலை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய கணவர் கந்தன் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் மூச்சடைத்து இறந்து அன்று ஆறாவது நாள். வேகவதி ஆற்றோரத்தில் ஒற்றை அறை வீடு. மூலையில் இருந்த ராட்டையில் அரக்கு நிறப் பட்டு நூல் பாதி சுற்றியபடி நின்றிருந்தது.

“‘எனது கணவர் கந்தன், வயது 38, மேற்படி பட்டறையில் கூலி வேலை செய்து வந்தார். சம்பவத்தன்று பகல் சுமார் ஒரு மணியளவில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யத் தானாக இறங்கி...’”

“நில்லு, நில்லு. இன்னா சொன்ன?”

“தானாக இறங்கி.”

“எறங்குனாரா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எறக்குனாங்கன்னுதானே நா சொன்னேன்? எறங்குனாருன்னு யாரு சொன்னது?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் வழக்கமான வரி: ‘படிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது.’ அதற்குக் கீழே, ‘துளசி’ என்று கோணலான கையெழுத்து.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பில் நான் மாவட்டக் களப்பணி உதவியாளர். தலைமையகம் வெளிநாட்டில், கிளை அலுவலகம் சென்னையில். காஞ்சிபுரத்தில் இருப்பது நானும் என் ஸ்கூட்டியும் அமைப்பு கொடுத்த டேப்லெட்டும்தான். யாருக்காவது அநியாயம் நடந்தால் போய்க் கேட்க வேண்டும், கேட்டதை ஆங்கிலத்தில் ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். நான்கு வருடமாக நிரப்புகிறேன்.

சம்பவத்துக்கு மறுநாளே துளசி அக்கா சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தேன். அன்று பகல் அவர் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். பட்டறைக்குப் பின்னால், சாயத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒன்றாகப் போய்ச் சேரும் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. முதலாளி மாணிக்கவேல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கந்தன் வேண்டாம் என்றிருக்கிறார். “கழிவு எடுக்குற வண்டி வரட்டும் மொதலாளி.” அதற்கு மாணிக்கவேல், “பத்து நிமிஷ வேலைக்கு வண்டியா? எறக்குபா அவன,” என்று மேஸ்திரி துரைக்கண்ணுவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி கந்தனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார். போகும்போது கந்தன் பொண்டாட்டியைப் பார்த்து, “சோத்தத் தொறக்காத, ஈ மொய்க்கும்,” என்றாராம். அவ்வளவுதான்.

வாலாஜாபாத் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் தன்வினை, பிறவினை படித்தேன். திருந்தினான், திருத்தினான். உருண்டான், உருட்டினான். தேர்வில் இரண்டு மதிப்பெண். இறங்கினான், இறக்கினான் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு ‘ங்’ இருந்த இடத்தில் ஒரு ‘க்’. மனிதனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. ‘தானாக இறங்கி’ என்று எழுதிவிட்டால் அது விபத்து, வழக்கு முடிந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் கோட்டாட்சியர் விசாரணை. அதில் இந்தத் தாளே பேசுமானால், கந்தனைக் கொன்றவர் கந்தனே என்று ஆகும்.

அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். புகார்களை எழுதுகிற ரைட்டர் கலியாணசுந்தரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். நகலை அவர் முன்னால் வைத்து அந்த வரியைக் காட்டினேன்.

“இன்னாமா இது, ஒரு எழுத்துக்கா ரெண்டு பேரும் வண்டி போட்டுகினு வந்தீங்க?”

“எழுத்து மட்டும் இல்ல சார். ‘தானாக’ன்னு ஒரு வார்த்தையும் சேர்ந்திருக்குது.”

“நீங்க தமிழ் டீச்சரா?”

“இல்ல சார்.”

“பின்ன? எறங்கினான், எறக்கினாங்க, எல்லாம் ஒண்ணுதாம்மா. மொத்தத்துல ஆளு உள்ள போனான், உசுரோட வரல.”

துளசி அக்கா அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். மேசைக்கு முன்னால் வந்தார்.

“ஒண்ணா சார்? இப்ப உங்கள இந்த நாற்காலில இருந்து நா புடிச்சி எறக்கிவுட்டா, தானா எறங்கினேன்னு எழுதிப்பீங்களா?”

பின்னால் இருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார். ரைட்டர் டம்ளரை டொக்கென்று வைத்தார்.

“கையெழுத்து உன்னுதுதானே? படிக்கக் கேட்டுத்தானே போட்ட?”

“படிச்சிக் காட்டுனீங்களா நீங்க? பொணம் ஆஸ்பத்திரில கெடக்குது, இதுல போட்டாத்தான் குடுப்பாங்க, சீக்கிரம் போடுன்னீங்க. போட்டேன்.”

“எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போயிடுச்சு. போட்டது போட்டதுதான். போங்கம்மா, வேலையப் பாருங்க.”

எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம். பிழையே இல்லை என்கிறவரை என்ன செய்வது? வெளியே வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அன்று மாலையே சென்னையிலிருந்து சுகாசினி மேடம் கூப்பிட்டார். என் அறிக்கைகளைச் சரிபார்த்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர்தான். நல்ல மனுஷி, குரலை உயர்த்தியதே கிடையாது.

“ஜெயப்ரியா, காஞ்சிபுரம் கேஸ்ல ‘லோயர்டு’ன்னு போட்டிருந்தீங்க. நான் அதை ‘என்டர்டு’ன்னு மாத்திட்டேன், சரியா?”

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. லோயர்டு என்றால் இறக்கப்பட்டார். என்டர்டு என்றால் நுழைந்தார்.

“ஏன் மேடம்?”

“ஆன்லைன்ல எஃப்.ஐ.ஆர். பார்த்தேன், அதுல அப்படித்தானே இருக்கு. நம்ம ரிப்போர்ட் அஃபீஷியல் ரெக்கார்டோட ஒத்துப் போகணும். இல்லன்னா க்ரெடிபிலிட்டி போயிடும்.”

“அந்த ரெக்கார்டே தப்பு மேடம். கண்ணால பார்த்தவங்க சொல்றாங்க.”

“அவங்க வைஃப். இன்ட்ரஸ்டட் விட்னஸ், சொந்த நலன் உள்ள சாட்சின்னு சொல்வாங்க.”

“அவங்க கையெழுத்து போட்டதா சொல்ற தாள நம்பலாம், அவங்க வாயால சொல்றத நம்பக் கூடாதா மேடம்?”

“நாம டாக்குமென்ட் பண்றவங்க ஜெயப்ரியா, தலையிடறவங்க இல்ல. அந்தம்மாவுக்கு மனு கினு எழுதிக் குடுத்துடாதீங்க. ஏப்ரல்ல உங்க கான்ட்ராக்ட் ரினீவலுக்கு வருது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ரைட்டருக்கு மேலே யாருடைய கையாவது இருந்திருக்கும், யாரோ ஒருவர் தொலைபேசியில் பேசியிருப்பார். அதையாவது என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. எங்கள் மேல் எந்தக் கையும் இல்லை. காஞ்சிபுரம் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாத ஓர் அலுவலகத்துக்காக, நாங்களும் கந்தனைத் தானாகவே இறங்கச் செய்துவிட்டோம். அதுவும் நல்ல ஆங்கிலத்தில்.

அடுத்த நாள் தற்செயல் விடுப்பு எடுத்தேன். அன்றைக்கு நான் எந்த அமைப்பின் ஆளும் இல்லை, வாலாஜாபாத்துக்காரி ஒருத்தி. முழு வெள்ளைத்தாளில் இடது பக்கம் ஒரு அங்குலம் மடித்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதத் தொடங்கினேன். துளசி அக்கா சொல்லச் சொல்ல, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். முடித்துப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இன்னொரு வாட்டி படி ஜெயா.”

படித்தேன்.

“‘எறக்குபா அவன’ன்னு மொதலாளி சொன்னது அப்படியே இருக்குதா?”

“அப்படியேதான்க்கா இருக்குது.”

“இன்னொரு வாட்டி.”

மூன்றாவது முறை படித்த பிறகுதான் பேனாவை வாங்கினார். ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்ற வரியின் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுக் கூட்டிப் படித்துவிட்டு, கீழே பெயரை எழுதினார். கோட்டாட்சியருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, அக்காவிடம் இருக்க ஒன்று. முதல் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்தாம் நாள் ஒப்புகை அட்டைகள் இரண்டும் முத்திரையோடு திரும்பி வந்தன. அவற்றை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

விசாரணை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. பார்வையாளராக உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்று சுகாசினி மேடம் செய்தி அனுப்பியிருந்தார். கோட்டாட்சியர் அலுவலக வராந்தா பெஞ்சில் துரைக்கண்ணு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

“ஏன்மா துளசி, போனவன் போயிட்டான்,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “எறங்குனது எறங்குனதாவே இருக்கட்டுமே. எங்கள எதுக்கு இழுத்துகினு இருக்கிற?”

“கயிறு அறுத்த கை ஆறிடுச்சா அண்ணே?”

துரைக்கண்ணு இரண்டு கையையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். உள்ளங்கை இரண்டிலும் குறுக்கே காய்ந்த வடு. கந்தனை மேலே இழுக்கப் பார்த்திருக்கிறார். முடிந்த மட்டும் இழுத்திருக்கிறார். அதையும் யாரும் எழுதவில்லை.

உள்ளே கோட்டாட்சியர் ஒரு பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, அவசரப்படாமல் கேட்டார். அக்கா சொன்னார். பக்கத்து மேசையில் தட்டச்சர் கணினியில் அடித்தார். எனக்குப் பின்வரிசை நாற்காலி. அச்சடித்த தாள் வந்ததும் தட்டச்சர் அதை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

“படிங்க சார். கேட்டுட்டுப் போடறேன்,” என்றார் துளசி அக்கா.

“நீங்க சொன்னதுதாம்மா இருக்குது.”

“இருக்கட்டும். படிங்க.”

தட்டச்சர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்கிற வேகத்தில் படித்துக்கொண்டு போனார் தட்டச்சர். “...‘மேற்படி கந்தன் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியபோது எதிர்பாராத விதமாக...’”

துளசி அக்கா பேனாவை மேசைமேல் வைத்தார்.

“அது நா சொல்லல.”

“எதும்மா?”

“எறங்கியபோதுன்னு நா சொல்லல. அரை மணி நேரமா எறக்குனாங்க, எறக்குனாங்கன்னு தொண்ட கிழிய சொல்லிகினு இருக்கிறேன். உங்க காதுலயும் பூந்துச்சா இல்லையா?”

தட்டச்சர் எரிச்சலோடு, ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “மேடம், இது நம்ம பழைய ஃபைல்ல இருக்கிற வாசகம். தொட்டி கேஸ் எல்லாத்துக்கும் இதத்தான் காப்பி பண்ணுவோம். பேரு, வயசு, தேதிய மட்டும் மாத்துவோம்.”

எல்லாத்துக்கும். அப்படியானால் இதற்கு முன்னால் எத்தனை பேர்? பெயரை அழித்துப் பெயரை எழுதி, வயதை அழித்து வயதை எழுதி, எத்தனை பேரை இந்த ஒரே வரி தானாக இறங்க வைத்திருக்கிறது? எத்தனை பெண்கள் பென்சில் புள்ளிக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்? எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். துளசி அக்கா கத்தவில்லை.

“பழைய ஆளுங்களுக்கு யாரு எழுதுனதோ எனக்குத் தெரியாது சார்,” என்றார். “எம் புருஷன் பேரு கந்தன். அவரு வேணாம், வண்டி வரட்டும்னு சொன்னாரு. இடுப்புல கயிறு கட்டி எறக்குனாங்க. அத எழுதுங்க. ‘எதிர்பாராத விதமா’ன்றதையும் எடுங்க. அவரு எதிர்பார்த்துகினுதான் வேணாம்னாரு. எழுதுனப்புறம் படிங்க. அப்பதான் போடுவேன். இன்னிக்கு முடியலன்னா நாளைக்கும் வர்றேன்.”

கோட்டாட்சியர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, எழுந்து தட்டச்சருக்குப் பின்னால் போய் நின்றார்.

“மாத்துங்க.”

தட்டச்சர் வரியை அழித்தார். புதிதாக அடித்தார். அடிக்க அடிக்க அதிகாரி வாய்விட்டுப் படித்தார். “‘எனது கணவர் மறுத்தபோதும், இடுப்பில் கயிறு கட்டி அவரைத் தொட்டிக்குள் இறக்கினார்கள்.’”

படித்துவிட்டு அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கினார் என்றால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும், கேட்க ஒன்றுமில்லை. இறக்கினார்கள் என்று எழுதினால் அது முடியாது. ஒரு கேள்வி மிச்சமிருக்கும். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, எங்கள் படிவம் என்று இருபது நாளாக எங்கேயும் எழாத கேள்வி.

கோட்டாட்சியர் திரும்பினார்.

“யாரு இறக்கினாங்க?”

துளசி அக்கா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார். திறந்திருந்த கதவு வழியாக வராந்தா பெஞ்ச் தெரிந்தது. துரைக்கண்ணு எழுந்து நின்றிருந்தார்.

“எறக்குன்னு சொன்னது மொதலாளி மாணிக்கவேலு. கயிற புடிச்சது, தோ வெளிய நிக்கிறாரே, மேஸ்திரி துரைக்கண்ணு. அவரு கையையும் பாருங்க மேடம். எங்க ஆள மேல தூக்கப் பார்த்ததும் அவருதான். அதையும் எழுதுங்க.”

தட்டச்சர் அடிக்கத் தொடங்கினார்.

“மெதுவா அடிங்க சார்,” என்றார் துளசி அக்கா. “அடிச்சிட்டுப் படிங்க.”