சாய்ந்த கட்டடத்தின் பியானோக்காரர்

பிரேசிலின் சான்டோஸ் கடற்கரையில் கட்டடங்கள் சாய்ந்து நிற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடியில் களிமண், மேலே குடித்தனம், அவ்வளவுதான். ஏழாவது மாடியில் நிவால்டோ பிறந்து வளர்ந்த வீடு இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவரும் அந்தச் சாய்வும் சேர்ந்தே வளர்ந்தார்கள். அந்தக் கட்டடம் அவருக்குச் செய்த உதவியை மனிதர்கள் யாரும் செய்ததில்லை.

இளம் வயதில் ரியோவில் ஒரு போட்டியில் ஜெயித்து வியன்னாவுக்குப் போனார். அங்கே மேடையில் ஒரு வால்ஸ் நடன இசையை வாசித்தபோது, இடது கை பாய வேண்டிய இடத்தில் பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தது. மறுநாள் பத்திரிகை அவரைப் பற்றி ஒரே வரி எழுதியது. அதிலும் பாதி அவர் போட்டிருந்த கோட்டைப் பற்றி. பிறகு சாவ் பாவ்லோவிலும், அதற்கப்புறம் நகராட்சி அரங்குகளிலும், கடைசியில் கல்யாண வரவேற்புகளிலும் அதே வால்ஸ், அதே இடம், அதே தவறு.

"சின்ன வயசுலேர்ந்து சாஞ்ச வீட்ல வாசிச்சவன் நான். நேரான மேடைல கை தடுமாறத்தான செய்யும்?" என்பார். வீட்டில் தவறினால், "வீடு சாஞ்சிருக்கு, கை சறுக்குது" என்பார்.

"பியானோ காலுக்கு மரத்துண்டு குடுத்து நேராத்தான நிக்க வெச்சிருக்க?" என்று மனைவி ஜுரேமா கேட்பாள்.

"பியானோ நேரா நிக்குது. நாற்காலி?"

"நாற்காலிக்கும் ஒரு துண்டு வை."

வைக்கவில்லை. மறதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பது வருடம் நீடித்த மறதி.

இப்படியிருக்க, கட்டடத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கி நிமிர்த்திவிடலாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். குடியிருப்பவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கூட்டத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. நிவால்டோவின் கைகள் மட்டும் மேசைக்கு அடியில் கிடந்தன.

"மேஸ்ட்ரோ, கை வலிக்குதா?" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தோனா க்ளெயுசா.

"இல்ல... இந்தச் சாய்வுல ஒரு அழகு இருக்கு. கடல் நம்மள நோக்கி வர்ற மாதிரி..."

"கடல் வரல மேஸ்ட்ரோ, நாமதான் போயிட்டிருக்கோம்," என்றார் கீழ்வீட்டுப் பல் டாக்டர் அதால்பெர்த்தோ. "எங்க வீட்ல கிண்ணத்துல ஊத்துற சூப் ஒரு பக்கமாத்தான் நிக்குது."

ஜுரேமா நிவால்டோவின் காதருகே குனிந்தாள். அவளுக்கு ரகசியம் பேச வராது. "வீடு நிமுந்துட்டா அப்புறம் யாரைக் குத்தம் சொல்லுவ, அதான பயம்?"

கூட்டம் முழுக்கக் கேட்டது. நிவால்டோ கையைத் தூக்கினார்.

மாதக்கணக்கில், அங்குலம் அங்குலமாக, ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே கட்டடம் நிமிர்ந்தது. வேலை முடிந்ததும் நிவால்டோ பியானோவின் சுருதி கலைந்துவிட்டது என்றார். சுருதி சேர்க்க வந்த ஆள் பியானோ காலடி மரத்துண்டையும் எடுத்துவிட்டுப் போனார். பிறகு கடற்காற்றில் ஈரம் அதிகம் என்றார். ஒரு மாலை ஜுரேமா பியானோ முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"யோசிச்சுப் பாரு ஜுரேமா," என்றார் அவர் கெஞ்சலாக. "சரியா வாசிச்சுட்டேன்னா, இத்தனை வருஷம் வேற வீடு பாத்துப் போகாத முட்டாள் நான். தப்பா வாசிச்சா..."

"தப்பா வாசிச்சா?"

"அப்பவும் நான்தான்."

"எப்படியும் வீட்ல முட்டாள் ஒருத்தர்தான். வாசி."

வாசித்தார். ஜன்னல் திறந்திருந்தது. அந்த இடம் வந்தது. இடது கை பாய்ந்தது. கச்சிதமாகப் பக்கத்துக் கட்டையில் இறங்கியது.

கீழேயிருந்து டாக்டரின் குரல் ஏறி வந்தது. "மேஸ்ட்ரோ! பில்டிங்கத்தான் நிமுத்தினாங்க!"

எங்கோ மேல்மாடியில் யாரோ சிரித்தார்கள். நிவால்டோ தரையைப் பார்த்தார். அது எந்தக் குற்றமும் செய்யாத தரை.

"ஆமா, அந்த எடத்துல ஏன் கண்ண மூடிக்கிற?" என்றாள் ஜுரேமா.

"அது உணர்ச்சி."

உணர்ச்சிதான். கூடவே, ரியோ போட்டியில் வேறொரு இசையைக் கண்மூடி வாசித்தபோது எடுத்த புகைப்படம் பத்திரிகையில் ரொம்ப அழகாக வந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லா மேடையிலும் வால்ஸின் அந்த இடத்தில் புகைப்படக்காரருக்காக அவர் கண்ணை மூடினார். புகைப்படக்காரர்கள் வருவது நின்று போனது. கண் மூடுவது மட்டும் நிற்கவில்லை.

"தொறந்துட்டு வாசி."

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனின் முகம் மாதிரி இருந்தது முகம். அழகு என்பது மருந்துக்கும் இல்லை. கை சரியான கட்டையில் விழுந்தது. இன்னொரு தடவை வாசித்தார். மறுபடியும் சரியாக விழுந்தது.

"அட!" டாக்டர் கீழே தன் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "இப்ப என்ன செஞ்சீங்க மேஸ்ட்ரோ?"

களிமண், காற்று, பொறியாளர்கள் என்று நாக்கு நுனியில் ஆயிரம் பதில்கள் இருந்தன. ஜுரேமா இடுப்பில் கை வைத்து நின்றாள். நிவால்டோ ஜன்னலில் தலையை நீட்டினார்.

"கண்ணத் தொறந்தேன், டாக்டர்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கீழே டாக்டரின் ஜன்னல் மெதுவாக, வீணாய்ப் போன அத்தனை வருடங்களுக்கும் துக்கம் காப்பது போல மரியாதையாகச் சாத்திக்கொண்டது. நிவால்டோவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு, வால்ஸை முதலிலிருந்து தொடங்கினார்.