படத்துக்காகச் செத்த தைலம்மாள்

மூன்றாம் நாள் காலையில் தைலம்மாளைச் சாகடித்தார்கள். படத்தில்தான். நெற்றியில் ஒற்றை ரூபாய், தாடைக்கு வெள்ளைத்துணிக் கட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. ஆம்னி வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார் டைரக்டர்.

வேன் உமர் பாரூக்குடையது. கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை; மலையூர்களுக்குச் சேலையும் நைட்டியும் ஏற்றிப்போய் விற்பவர். நடிகரைக் கூட்டிவர டைரக்டரிடம் வசதி ஏது? வேனோடு ஆளையும் சேர்த்துப் பிடித்துப் போட்டுவிட்டார். தைலம்மாளை நைனார்பாளையத்தில் களை பறித்துக்கொண்டிருந்த இடத்தில் பிடித்தார்கள். துணி வியாபாரி வழியில் ஏற்றிக்கொண்ட ஒருத்தி வண்டியிலேயே செத்துப்போக, முன்பின் தெரியாத அவளை அவள் பிறந்த ஊரில் கொண்டுசேர்க்கிறார். படத்தின் கதை அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் படப்பிடிப்பு கல்வராயன் மலையில் ஓடியது. வளைவுகளில் தைலம்மாள் வாந்தி எடுத்தாள்; பாரூக் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் பேச்சில்லை. வியாபாரம் கெட்ட எரிச்சல் அவருக்கு.

பிணக் காட்சிக்குத் தியாகதுருகம் கடைத்தெருவில் வேனை நிறுத்தி, எதிர்மாடியில் கேமராவை ஒளித்துவைத்தார்கள். சனங்களின் முகத்தைச் சும்மாவே பிடித்துவிடலாம் அல்லவா! தைலம்மாள் நிஜமாகவே பிறந்த ஊர் அதுதான். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தவிட்டு மூட்டையோடு வந்த அம்மாசி என்ற பெரியவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, நம்ம தைலம்மா! இன்னா ஆச்சி இதுக்கு?" மூட்டையைப் போட்டுவிட்டு, "வீரமுத்துகிட்ட சொல்றேன்" என்று ஓடினார்.

பாரூக் பதறினார். "அக்கா, எழுந்திருங்க. வம்பாப் போவுது."

"படுத்துக்கினு இருக்கேன் வுடுங்க பாய்." கட்டிய வாயோடு, கண்ணைத் திறக்காமல் அவள் முனகினாள். "வீரமுத்து எந்தம்பி. அம்மா சாவுல சண்ட. பதினோரு வருசமா பேச்சில்ல. நான் செத்தாலாவது கோடி எட்தாரானா பாக்கணும். வந்தா சொல்லுங்க."

கூடப்பிறந்தவன் போடும் கோடிச்சேலை இல்லாமல் ஒருத்தியை எடுத்துப்போவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று பாரூக்குக்குத் தெரியும். அதற்காக அவர் கடைக் கதவை எத்தனையோ அண்ணன் தம்பிகள் தட்டியிருக்கிறார்கள். ஒருவரும் பேரம் பேசியதில்லை.

வீரமுத்து வந்தான். கையில் ஒன்றுமில்லை. அம்மாசி பிடித்து இழுத்தும் டீக்கடையைத் தாண்டி வரவில்லை. அங்கிருந்தே வேனைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு கையை உதறிவிட்டு, சைக்கிளைத் திருப்பி மிதித்துப் போய்விட்டான். அடப் பாவி! என்றிருந்தது பாரூக்குக்கு.

"வந்தானா பாய்?"

அவர் சீட்டுக்கடியில் இருந்த கட்டைப் பிரித்தார். அரக்குக் கரைபோட்ட புதுச்சேலை ஒன்றை உருவி அவள்மேல் போர்த்தி, கால்வரை இழுத்துவிட்டார். "வந்தாருக்கா. தோ, போட்டுட்டுப் போறாரு."

தைலம்மாளின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "கட்! பொணம் அழுவுது!" என்று மாடியிலிருந்து டைரக்டர் கத்தினார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எட்ட நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அலறியடித்துக்கொண்டு சிதறினார்கள். அவள் நிதானமாகத் தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டுச் சேலையைத் தடவினாள்.

"எந்தம்பியா இருந்தா மேல எறிஞ்சிட்டுப் போயிருப்பான். காலு தெரியுதுன்னு இழுத்து மூடனீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சிபோச்சி." மூக்கைச் சிந்தினாள். "நெசமா போறப்பவும் கோடிய நீங்களே எட்தாந்துடுங்க பாய்."

பாரூக் விலாசம் குறித்துக்கொள்ளப் போனை எடுத்தார்.

"நைனார்பாளையத்துல எந்தத் தெருங்கக்கா?"