கால் பங்கு

மழை பொய்த்த இரண்டாம் வருடம், வால்வுக்காரரின் குதிகால் வெடிப்பிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் கால் வைத்தார், சிமெண்டுத் தரை நனைந்தது. மனைவி வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, "இந்த வயசுல இப்படியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நல்ல தண்ணீர். கத்திக் கூப்பாடு போடாமல் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். வீட்டில் இருந்த வாளி, குடம் எல்லாம் காய்ந்து கிடந்த காலம் அது.

அவர் எரிவாயுக் கம்பெனியில் வால்வு திறப்பவர். ஏரித் தண்ணீரில் மணலையும் மருந்தையும் கலந்து, பூமிக்கு அடியில் வெகு ஆழத்துக்கு அழுத்தி அனுப்பினால் பாறை வெடிப்பு விடும், வெடிப்பு வழியாக வாயு மேலே வரும். மழை பெய்தவரை ஏரி குறைவது யார் கண்ணிலும் படவில்லை. மழை நின்றதும் ஏரி குட்டையாகி, குட்டை சேறாகி, கிணறுகளில் பாதி வற்றின, மீதியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கம்பெனி நிபுணர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு ஒருவர் அங்கே சம்பளம் வாங்கியதால் ஊரும் வாயைத் திறக்கவில்லை. கீழே போன தண்ணீர் எங்கேயாவது மேலே வந்துதானே ஆகவேண்டும், அனுப்பிய ஆள் வழியாகவே வந்துவிட்டது என்று எல்லாரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள்.

பாதம் தரையில் பட்டால்தான் வரும், தூக்கினால் நின்றுவிடும். அதனால் முன்னறையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். யார் காலிலும் விழமாட்டேன் என்று மார்தட்டித் திரிந்த பள்ளிக்கூட வாத்தியார்கூடக் குடத்தோடு வந்து குனிந்தார். "என் புருஷன் காலைப் பிடிக்க நானும் வரிசையில நிக்கணுமா?" என்று மனைவி சண்டை போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் இடம் விடவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பியபோதுதான் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருப்பது தெரிந்தது. முடி வெட்டுபவரை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். அவ்வளவு மரியாதை.

தண்ணீர் இல்லாமல் கம்பெனி வேலை நின்றது, சம்பளமும் நின்றது. ஊர்த்தலைவர் கூட்டம் போட்டு, கம்பெனிக்குக் கால் பங்கு என்று பேசி முடித்தார். மறுநாள் மேனேஜர் ரப்பர் குழாயோடு வந்து அவருடைய வலது காலில் மாட்டிவிட்டார்.

"கால் பங்குன்னா நாலுல ஒண்ணுங்க" என்றார் தலைவர்.

"நாலு காலா இருக்கு இவருக்கு? இருக்கிறது ரெண்டு. அதுல ஒரு கால் எங்களுக்கு."

தலைவர் தலையைச் சொறிந்தார். ஊரே கேட்கச் சொன்ன வார்த்தை, திரும்ப வாங்க முடியவில்லை. அன்று முதல் வலது கால் கம்பெனிக்கு, இடது கால் ஊருக்கு. வலது காலில் வந்தது குழாய் வழியாகப் பாறைக்குள் போனது, போனது சில நாளில் அவர் வழியாகவே மேலே வந்தது. கம்பெனியில் வேகம் கூட்டினால் அவர் குதிகாலில் வெடிப்பு ஆழமாகும். வலிக்கிறது என்று சொன்னபோது, மெத்தையாக ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டார்கள்.

வெளியூரில் இருந்த மகள் பிள்ளைத்தாய்ச்சி. இங்கே வந்துவிடுகிறேன் என்று அவள் போன் செய்தபோது அவர் பயந்துபோனார்.

"வேண்டாம்மா. இந்தப் பக்கமே வராத."

"இங்க குடிக்கவே தண்ணி இல்லப்பா. வேற எங்க போவேன்?"

வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. இடது காலில் பிடித்த தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர்கூடக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பூப்போல இருந்தது. தலைவர் கெட்டவர் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்: "இப்ப இப்படித்தான் இருக்கும். நடக்க ஆரம்பிச்சா தானா வெடிக்கும்."

"இதுலயும் எங்களுக்குக் கால் பங்குதானே?" என்றார் மேனேஜர்.

வால்வுக்காரர் அத்தனை நாளில் முதல் தடவையாக இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். தண்ணீர் நின்றது. வரிசையில் இருந்த ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் முழங்கால்களைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். "கொஞ்சம் காலைக் கீழ வைங்கண்ணே, பின்னாடி நிறைய பேர் நிக்கிறாங்க." குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை அழவைத்தது.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதுவரை தரையில் கால் வைத்ததில்லை. அம்மா இடுப்பில் போகிறாள், வகுப்பில் மேஜைமேல் உட்காருகிறாள், பாட்டி தோளில் திரும்புகிறாள், மீதி நேரமெல்லாம் தாத்தா மடிதான். வாத்தியார் அவளுக்கு ஓட்டப்பந்தயத்தில் கொடி அசைக்கும் வேலை கொடுத்திருக்கிறார். குடத்தோடு வருகிறவர்கள், "எப்ப இறக்கிவிடப் போறீங்க?" என்று பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டு நகர்கிறார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. அவள் நல்ல சாப்பாட்டுக்காரி, மாதாமாதம் கனக்கிறாள்.