நில்லுங்க அக்காவின் ஜெராக்ஸ் கடை

1

இந்தக் கதை ஒருவர் கேட்டு எழுதியது. வியாபாரிகளுக்காக நடக்கும் ஒரு மாத இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். "சின்னச் சின்னதா கொஞ்சம் கூடுதலா உழைச்சா போட்டிக் கடைய ஜெயிச்சுடலாம். இதுதான் கரு. படிக்கிறவன் நிமிர்ந்து உக்காரணும். முடிவு மட்டும் வெற்றியா இருக்கட்டும், என்ன?" என்றார்.

சரி என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. வேறு யாரையாவது யோசித்திருக்கலாம். இந்தப் பிரச்சினை எதுவுமே வந்திருக்காது.

2

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த ஜெராக்ஸ் கடையின்"

(வேண்டாம். அன்று சுள்ளென்று வெயில்.)

"விடாமுயற்சியையே மூலதனமாகக் கொண்ட பெண்மணி ஒருவர்"

(இதை அவள் படித்தால் தாளை நாலாகக் கிழித்து, நாலு துண்டும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிக் கையில் கொடுப்பாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், அக்காவும் அவள் கணவரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். ஒரு மெஷின், ஒரு மேசை, துளை போடும் கருவி, நூல்கண்டு. அவ்வளவுதான் கடை. எடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு நீங்கள் திரும்பும்போது, "நில்லுங்க" என்பாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவாள். "நாலாம் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு", "இதுல தேதி போடல" என்று விரல் வைத்துக் காட்டுவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் நில்லுங்க அக்கா. அவசரத்தில் இருப்பவர்கள் வேறு பெயர்களும் வைத்திருக்கிறார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது.

மூன்று கதவு தள்ளிப் புதுக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., கண் சிமிட்டுவதற்குள் கட்டுக்கட்டாகத் துப்பும் மெஷின்கள். நிற்கச் சொல்ல ஆளே இல்லை. கூட்டம் அங்கே போனது.

"நாம நடத்துறது ஜெராக்ஸ் கடையா, பள்ளிக்கூடமா?" என்று கணவர் கேட்டார். "எடுத்துக் கொடுத்தோமா, அனுப்பினோமான்னு இருக்கணும். நீ பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருக்க."

"அவங்க வேகமா எடுக்கட்டும். நான் என் வேகத்துலதான் எடுப்பேன்" என்றாள்.

3

இனி நடந்தது. இந்தப் பகுதியில் நான் குறுக்கே வரமாட்டேன்.

ஒரு முற்பகலில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கனமான கட்டோடு உள்ளே வந்தார். பார்வை போதவில்லை என்று பணிமனையில் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். மேல்முறையீடு கொடுக்க அன்றே கடைசி நாள். எதிர் வரிசையில் இருக்கும் அலுவலகத்தில் ஒரு மணி வரைதான் மனு வாங்குவார்கள்.

"அக்கா, இத ஓட்டை போட்டு நூல் கோத்துக் கொடுங்க. அந்தக் கடையில கோக்க மாட்டாங்களாம்."

ஜெராக்ஸ் எடுத்தது அங்கே. தைக்க மட்டும் இங்கே. கணவருக்குச் சுருக்கென்றது. அக்கா கட்டை வாங்கினாள்.

"நில்லுங்க."

"அங்க எடுத்தத நாம ஏன் பார்க்கணும்?" என்றார் கணவர், அடிக்குரலில்.

அவள் புரட்டத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது. "அண்ணே, கண் டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டுல முன்பக்கம்தான் இருக்கு. பின்னாடி ஒண்ணும் இல்லையா?"

ஓட்டுநர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடிதான்க்கா எல்லாமே. 'வண்டி ஓட்டத் தகுதி உண்டு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"ஒரிஜினல் எங்க?"

பையைக் கவிழ்த்தார். இல்லை. மேசையில், தரையில், சட்டைப் பையில் எங்கேயும் இல்லை. மணி பன்னிரண்டே கால்.

"கெட்டித் தாளா?"

"ஆமா, அட்டை மாதிரி."

அக்கா செருப்பை மாட்டி, ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கண்ணாடிக் கதவை அவள் தள்ளியது அன்றுதான் முதல் தடவை.

"இவரு ஒரிஜினல் உங்க மெஷினுக்குள்ள இருக்கு" என்றாள் மேலாளரிடம், ஓட்டுநர் காட்டிய மெஷினைச் சுட்டி.

"இருக்காதுங்க. நாங்க பார்த்துத்தான் கொடுப்போம்."

"அப்ப மூடியத் திறங்க."

"வேற ஒருத்தர் வேலை ஓடுதுல்ல? முன்னூறு பக்கம். முடியட்டும்."

அவளுக்கு மெஷின் தெரியும். மெல்லிய தாள்களை அது மேலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். கெட்டி அட்டையை மட்டும் மூடியைத் திறந்து கண்ணாடியில் வைக்க வேண்டும். வைத்ததை எடுக்க மறந்துவிட்டு அடுத்த வேலையை மேலே ஓடவிட்டிருக்கிறார்கள். அவள் கை நீட்டி நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூடியைத் தூக்கினாள். முன்பக்கம் கண்ணாடியில் கவிழ்ந்திருக்க, டாக்டரின் நீல மைக் கையெழுத்து எல்லோரையும் பார்த்தபடி கிடந்தது.

"அடுத்தவங்க கடையில புகுந்து மெஷின்ல கை வைக்கிறீங்களா?" மேலாளர் எழுந்துவிட்டார்.

"வெச்சேன். போலீசக் கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் எடுத்துட்டு வந்துடறேன்."

திரும்பி வந்தபோது கணவர் மெஷினைச் சூடாக்கி, ஊசியில் நூலைக் கோத்து வைத்திருந்தார். முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். எடுத்து, சேர்த்து, துளையிட்டு, முடிச்சுப் போட்டாயிற்று. "ரோட்டக் கடக்கவே பத்து நிமிஷம் ஆகும், வாங்க" என்று ஓட்டுநரின் கையைப் பிடித்து, கணவரே வண்டிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு ஓடினார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மனுவில் முத்திரை விழுந்தது.

போலீஸ் வரவில்லை.

4

இங்கே ஒரு எழுத்தாளனுக்கு வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. இவள் ஏன் இப்படி? போட்டிக் கடையின் வாடிக்கையாளருக்காக யாராவது செருப்பை மாட்டுவார்களா? வாசகர் நம்பமாட்டார். ஆகவே ஒரு காரணம் தயாரித்தேன்: சின்ன வயதில், ஒரு தாள் குறைந்துபோனதால் அவள் அப்பாவின் மனு தள்ளுபடியாகி, குடும்பமே

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.)

கதையைப் பிரதி எடுக்க அவளிடமே கொண்டுபோயிருந்தேன். எடுத்த பிறகு வழக்கம்போல நிற்கவைத்துப் புரட்டினாள். படித்தாள். அந்த இடத்தில் தலை நிமிர்ந்தது.

"எங்கப்பா நல்லாத்தானே இருக்காரு, தம்பி? நேத்துக்கூட சண்டை போட்டோம்."

"இல்லக்கா, நீங்க இவ்வளவு பண்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல…"

"ஒரு வேலைய ஒழுங்கா செய்யணும்னா வீட்டுல எழவு விழணுமா?"

என் பேனாவை வாங்கி அவளே அந்தப் பத்தியை அடித்தாள்.

5

பிறகு என்ன ஆயிற்று? மேல்முறையீடு ஏற்கப்பட்டது. நாலு மாதத்தில் ஓட்டுநர் மறுபடி வண்டி எடுத்தார். மாலை போட வருவார் என்று கணவர் எதிர்பார்த்தார், வரவில்லை. ஆனால் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் நீளமாக ஹாரன் அடிக்கிறார். அதில் அக்காவுக்குப் பக்க எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. பணிமனைச் சங்கத்துக்காரர்கள் தங்கள் வழக்குக் கட்டுகளை இப்போது இங்கேதான் அனுப்புகிறார்கள்.* அன்று வரிசையில் நின்று பார்த்தவர்களில் சிலரும் வருகிறார்கள்.

(* சில நாள் கூட்டம், சில நாள் ஈ கூட இல்லை. ஆசிரியர் இந்தக் குறிப்பை நீக்கச் சொன்னார்.)

புதுக் கடையும் சும்மா இருக்கவில்லை. அது நடந்த ஒரே வாரத்தில் வாசலில் பலகை: "பக்கங்கள் சரிபார்த்துத் தரப்படும்." கணவர் கொதித்தார். "பார்த்தியா? உன்னுதயே எடுத்துக்கிட்டான்!"

அக்கா பலகையை நின்று படித்தாள். "நல்லதுதானே. இனிமே அங்க போறவங்களுக்கும் தாள் தொலையாது" என்றாள். அடுத்த நாளிலிருந்து மனுவை எந்த அறையில், எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று உறையின் மேல் பென்சிலால் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

6

ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "போட்டிக் கடை மூடினாத்தான் சார் வெற்றி. ஒரே ஒரு வரி. கற்பனைதானே?"

கற்பனைதான். மூடியிருக்கலாம். மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதலாம். கணவருக்கு அந்த முடிவில் ரொம்ப ஆசை. அக்காவிடமே கேட்டேன்.

"ரெண்டு கடையும் திறந்திருக்கு, தம்பி. அப்புறம் என்ன முடிவு?"

ஆகவே அந்த ஒரு வரியை எழுதமாட்டேன். இதழில் வராவிட்டால் போகட்டும். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு நாள், கடைசித் தேதியன்று, கையில் கட்டோடு நீங்களும் அந்த மாதிரித் தெருவில் நிற்பீர்கள். ஒரு பக்கம் ஏ.சி., வேகம், பலகை. மூன்று கதவு தள்ளி, உங்களைத் தாமதப்படுத்தப்போகிற ஒரு பெண். எந்தப் படியில் கால் வைக்கிறீர்களோ, அதுதான் முடிவு.