நாலு மூலையும் வெட்டின பிலிம்

2.
(ஒண்ணாம் பகுதிய கிழிச்சுட்டேன். அதுல கத்தரிக்கோல் தானா வெட்டுச்சுன்னு எழுதியிருந்தேன்.)

அதுக்குள்ள ஜெயசீலி இருபத்தெட்டு பிலிமையும் வெட்டி முடிச்சுட்டா. காந்திமதி அக்கா ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாங்க.

"ஏண்டி, நாலு மூலையும் வெட்டியிருக்கு?"

"ஒரு மூலை மட்டும் எலி கடிச்சாப்ல இருந்துச்சுக்கா. பாக்க நல்லா இருக்கட்டும்னு..."

அக்கா உக்காந்துட்டாங்க. ஸ்டூல் இல்லாத இடத்துல.

3.
தெரியாதவங்களுக்கு: 1974, தாம்பரத்துல ஒரு காலேஜ் லேப். புரோட்டான் பம்பரமாட்டம் சுத்துமாம். எல்லாத்தையும் ஒரே பக்கமா சுத்தவிட்டு, வேகமா மோதவிட்டு, வெளிநாட்ல படம் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. சிதறினது இடது பக்கம் ஜாஸ்தியா, வலது பக்கமா? எண்ணணும். அவ்ளோதான் அக்காவோட மூணு வருஷ ஆராய்ச்சி. பிலிமைத் திருப்பிப் போட்டா இடது வலதாயிடும். எது நேர்னு காட்டத்தான் அந்த ஒரு மூலை வெட்டு.

(ஜெயசீலி பதினேழு வயசு, லீவுல லேப் வேலைக்கு வந்தவ. அவளைக் கொஞ்சம் கெட்டிக்காரியா எழுதலாமான்னு பாத்தேன். அப்புறம் கதையே இல்ல.)

4.
இந்த இருபத்தெட்டுக்கு முன்னாடியே எண்ணி முடிச்ச வேற பன்னெண்டு பிலிம்ல இடது கொஞ்சம் ஜாஸ்தி. அது பத்தாதாம். வெள்ளிக்கிழமை தீசிஸ் டைப்புக்குப் போவணும்.

"எந்த மூலைடி முதல்லயே வெட்டியிருந்தது? நீதானே வெட்டினே, ஞாபகம் இருக்கும்."

"இது..."

அக்கா அந்த மாதிரி வெச்சு எண்ணினாங்க. வலது ஜாஸ்தி. "நல்லா யோசிச்சு சொல்லு, கண்ணு."

"இல்லக்கா, இந்த மூலை."

இடது ஜாஸ்தி. அக்கா முகம் தெளிஞ்சுது. "பாத்தியா, ஞாபகம் வருது!"

ஆறாவது பிலிம்லேர்ந்து ஜெயசீலி பிலிமைப் பாக்கவே இல்ல. அக்கா முகத்தைத்தான் பாத்தா.

5. முடிவு, முதல் தடவை:
"எனக்குத் தெரியலக்கா" ன்னு ஜெயசீலி சொன்னா. அக்கா அழுவாம

(அழுதாங்கன்னு எழுதினா நான் தாங்க மாட்டேன். விட்டுட்டேன்.)

முடிவு, ரெண்டாம் தடவை:
இருபத்தெட்டும் இடது. அக்கா டாக்டர் காந்திமதி. எங்கியோ யாரோ அதைப் படிச்சுட்டு, புரோட்டான் இப்படித்தான்னு

(இதுவும் வேணாம்.)

6.
ராத்திரி ஆயிடுச்சு, வீட்டுக்குள்ளேர்ந்து அப்பா லைட்டை அணைக்கச் சொல்றார். நாளைக்கு அக்கா இருபத்தெட்டுல பன்னெண்டாவது பிலிமை எடுப்பாங்க. நாலு மூலையும் ஒரே மாதிரி இருக்கும். அவ்ளோ அழகா வெட்டியிருக்கேன்.

வெட்டியிருக்கா.

நீங்க அக்கா முகத்தைப் பாக்கல. அதனால உங்களைக் கேக்கலாம். எந்த மூலை?