டிரான்ஸ்பார்மர் சுருதி

பேசின் பிரிட்ஜில் ஜெயவேலுவின் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு டிரான்ஸ்பார்மர். ராவும் பகலும் ‘ம்ம்ம்’ என்று முனகும். தம்புரா வாங்க வக்கில்லாதவன், அதையே ஆதார ஷட்ஜமாக வைத்து வயலின் பழகினான். வெயில் காலத்தில் ஊரே ஃபேன் போட, கரண்டு தாங்காமல் முனகல் கொஞ்சம் இறங்கும். இவனும் தந்தியை இறக்கிக்கொள்வான். அந்தத் தெரு நாய்கூட அந்தச் சுருதியில்தான் குரைக்கும். சந்தேகப்பட்டவர்கள் நாயையே கேட்டிருக்கலாம். போன வருஷம் செத்துவிட்டது.

சாயங்காலத்தில் ராயபுரத்தில் தேசப்பனின் ராக் குழுவில் கிடார் வாசிப்பான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டாலே அதே ‘ம்ம்ம்’ வரும், வீட்டில் இருக்கிற மாதிரி. தேசப்பன் டிரம்ஸில் ஒரு அடி போட்டால் துறைமுகத்தில் கப்பல்கள் நாலடி தள்ளி நிற்கும்.

ராக்கில் தப்பு விட்டால் சத்தத்தைக் கூட்டினால் போதும், கூட்டம் எழுந்து ஆடும். கச்சேரியில் விட்ட தப்போ முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நம்மையே பார்க்கும். ஆனாலும் தோடியில் காந்தாரம் அசையும்போதுதான் ஜெயவேலுவுக்குத் தானும் ஒரு மனுசன் என்று தோன்றும். மயிலாப்பூர் சபா ஒன்றில் புதியவர்களுக்கான தேர்வு வைத்தார்கள். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும்.

“இன்னாத்துக்கு மாமு அங்க போய் அசிங்கப்படுற?” என்றான் தேசப்பன்.

“நீ தட்றது தகரம் நைனா. அது சங்கீதம்.”

“வுட்டா என் தோலை உரிச்சி மிருதங்கம் கட்டுவ போல கீது!”

நல்ல கோடையில் தேர்வு. சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை. கதவைச் சாத்தியதும் ஊரே செத்தது. சுருதிப் பெட்டியைப் போட்டார்கள். அது ஒரு பக்கம் இழுக்க, தலைக்குள் டிரான்ஸ்பார்மர் இன்னொரு பக்கம் இழுத்தது. நடுவில் மயிரிழை வித்தியாசம். விரல் தலைக்குள் இருந்ததன் பின்னால் போனது.

“சுருதி சேரலையேப்பா,” என்றார் நடுவர்களில் பெரியவர்.

“உங்க பொட்டிதாங்க ஏறிக்கீது. வெயில் காலத்துல இவ்ளோ ஏறாதுங்களே.”

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

நேரே ராயபுரம் போய் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். ‘ம்ம்ம்.’ சபாப் பெட்டியின் சுருதி காதில் ஒட்டிக்கொண்டு, அந்த மயிரிழை இங்கேயும் வந்திருந்தது.

“அடி மாமு!” என்றான் தேசப்பன்.

“சுருதி சேரல.”

“ராக்குக்கு இன்னாத்துக்கு சுருதி? சத்தம் வை!”

வைத்தான். சத்தத்தோடு மயிரிழையும் பெருத்தது.

கிடாரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அது முனகிக்கொண்டிருந்தது. காதில் பஞ்சை அடைத்துப் படுத்தான். வெளியே இருந்தது நின்றது.

உள்ளே இருந்தது நிற்கவில்லை.